கல்லுக்குள் ஒரு வலது காது

ஜூன் 6, 2011, திங்கள்

பொன்மலை ரயில்வே பணிமனைச் சங்கு இன்றைக்கும் ஊதவில்லை. அது ஊதியதும் அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றுவது என் வழக்கம். ஊதாததால் பஸ்ஸை விட்டேன். அந்தப் பணிமனையில் ஃபிட்டராக இருக்கிற என் வீட்டுக்காரரிடம் சாயங்காலம் கேட்டால், "ஊதுச்சே பெலிசி! ஊருக்கே கேட்டுச்சே!" என்கிறார். அவர் வேலை பார்க்கிற இடத்தை அவர் என்றைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்?

தாமதமாகப் போயும் புதைபடிவ ஆய்வகத்தில் தாட்சாயணி மேடம் திட்டவில்லை. பெட்டி வந்திருந்தது. ஜம்மு பக்கம் காலாகோட் என்ற ஊரில் எடுத்த பாறைத் துண்டு. சாக்கையும் வைக்கோலையும் இருவருமாகப் பிரித்தோம். ஊதா கலந்த சிவப்புக் கல், ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவு. அதன் ஒரு முகத்தில் கறுப்பாகச் சின்னச் சின்னப் பற்கள், வரிசை குலையாமல்.

"ஆட்டுக்குட்டியா மேடம்?"

"ஆடும் இல்ல, மானும் இல்ல. மான் மாதிரி ஒண்ணு. நம்ம மலைக்காட்டுல சருகுமான் இருக்குல்ல, முயல் உசரத்துக்கு? பாக்க அப்படித்தான் இருந்திருக்கும். செத்து அஞ்சு கோடி வருஷம் ஆகப்போகுது."

அஞ்சு கோடி என்று சொல்லும்போது மேடத்தின் குரல் தணிந்துவிட்டது. எனக்கும் கையை எடுத்துக்கொள்ளத் தோன்றியது. கழுவாத கையால் தொட்டுவிட்டோமே என்று இருந்தது.

கல்லை நீக்கி எலும்பை வெளியே கொண்டுவருவது என் வேலை. ஏர் பென் என்று ஒரு கருவி. காற்றழுத்தத்தில் துடிக்கும் ஊசி. கல்லில் ஓடும்போது கரகரவென்று வரும் சத்தம், எலும்பின் பக்கத்தில் போனதும் கூராகும். கண்ணுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே காதுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கொஞ்சத்தில்தான் எலும்பு பிழைக்கிறது. இந்த வேலையில் என்னை மிஞ்ச இங்கே ஆளில்லை. பெருமை அடித்துக்கொள்ள வேறு இடம் கிடையாது என்பதால் இதில் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 9

குக்கர் விசில் வருவதே இல்லை. பருப்பு அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. கேஸ்கட் மாற்றினேன்.

ஜூன் 10

வெயிட்டையும் மாற்றினேன். இன்றைக்குச் சோறு கரிந்தது.

ஜூன் 14, செவ்வாய்

மேடத்திடம் ஒரு குணம். ஏர் பென்னுக்குக் காற்று தருகிற கம்ப்ரசர் இரைந்து ஓடும்போது அழகாக, தெளிவாகப் பேசுவார். அதை நிறுத்தினால் அவர் வாய்க்குள்ளேயே பேசிக்கொள்வார். டீ நேரத்தில் அவர் சொல்லும் எதுவும் எனக்குப் பிடிபடுவதில்லை. இன்றைக்கு நல்லவேளையாகக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

"பெலிசிட்டா, திமிங்கலத்துக்கு நெருங்கின சொந்தம் யாரு சொல்லுங்க?"

"கடல்ல இருக்கிற எதாவதுதானே மேடம்?"

"நீங்க இப்ப சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கீங்களே, அது."

சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. திமிங்கலத்தின் காதுக்கு அடியில் கிண்ணம் போல ஓர் எலும்பு உண்டாம். அந்தக் கிண்ணத்தின் வெளிச்சுவர் மெல்லிசு, உள்சுவர் மட்டும் உதடு போலத் தடித்திருக்கும். தண்ணீருக்குள் கேட்பதற்கு அந்தத் தடிப்பு உதவும். ஆட்டுக்கோ மாட்டுக்கோ அது கிடையாது. இந்தச் சின்ன உயிருக்கு இருந்திருக்கிறது.

"கரையில மேஞ்சிக்கிட்டு இருந்திருக்கும். மேல பருந்து வந்தா பொத்துனு தண்ணிக்குள்ள குதிச்சிடும். ஆப்பிரிக்காவுல ஒரு சருகுமான் இன்னைக்கும் அதைத்தான் பண்ணுது. உள்ள மூச்சடக்கி உக்காந்துக்கிட்டு, ஆபத்து போயிடுச்சானு காது கொடுத்துக் கேக்கணும் பாருங்க."

பிறகு விஷயத்துக்கு வந்தார். எங்களுக்கு இதுவரை வந்த துண்டுகளிலெல்லாம் காதுக் கிண்ணம் நசுங்கிக் கிடந்தது. இந்த மண்டை ஓட்டில் இரண்டு பக்கமும் முழுசாக இருக்கும் என்று மேடம் நினைக்கிறார். ஸ்கேனில் கல்லும் எலும்பும் ஒரே சாம்பலாகத் தெரிவதால் அதை நம்பிப் பயனில்லை. கையால்தான் எடுக்க வேண்டும். முழுக் கிண்ணம் ஒன்று வெளியே வந்தால், சுவர் எங்கே தடிக்கத் தொடங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்திருக்கிறேன். தலையிலிருந்து வால்வரை நடந்தே கால் வலித்தது. அதற்கும் இந்த ரொட்டிப் பாக்கெட்டுக்கும் சொந்தம்! பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சொல்லிவிடலாமா என்று வாயெல்லாம் அரித்தது. பஸ்ஸில் நான் நன்றாகப் பேசுவேன்.

ஜூன் 20, திங்கள்

கன்னம் முழுக்க வெளியே வந்துவிட்டது. கண்குழியும் தெரிகிறது. என் கட்டைவிரல் நுனி அதில் சரியாக அடங்கியது. இந்தக் குழிக்குள் ஒரு கண் இருந்தது. அது தண்ணீரையும் பருந்தையும் தாயையும் பார்த்தது. இமயமலையே அன்றைக்கு இந்த உயரத்துக்கு வந்திருக்கவில்லை என்றார் மேடம். அரை மணி நேரம் ஊசியைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். அவரும் வாயைப் பிளந்தார். "அப்ப திமிங்கலத்துக்கு அது சித்தப்பா முறையாடி?" என்று கத்தினார். இந்த வீட்டில், இந்தத் தெருவில், ஏன் இந்த ஊரிலேயே, வாயைத் திறந்து பேசத் தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான். இருபது வருஷமாகச் சுத்தியல் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். கீழ்வீட்டு ஸ்டெல்லா, "தினமும் என்னக்கா சண்டை?" என்று கேட்கிறாள்.

ஜூன் 27

எழுதப் பிடிக்கவில்லை. கம்ப்ரசர் சரியில்லை.

ஜூன் 28, செவ்வாய்

கம்ப்ரசர் சரியாகத்தான் இருக்கிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்று இடது காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் மாறவில்லை. மாறும் மாறும் என்று காத்துக்கொண்டே ஊசியை ஓட்டினேன். திடீரென்று ஊசி முனையில் கறுப்புத் தூள். கிண்ணத்தின் வெளிச்சுவர். முட்டை ஓட்டை விட மெல்லிசான அந்தச் சுவர், அஞ்சு கோடி வருஷம் தாங்கியது, என் கையில் மாவாகிவிட்டது. ஊதினால் பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இத்தனை வருஷத்துல நீங்க இப்படிப் பண்ணதே இல்லையே. எங்க கவனம்?"

"காத்தழுத்தம் ஏறி இறங்குது மேடம்."

அவர் ஏதோ சொன்னார். அதற்குள் கம்ப்ரசர் நின்றிருந்தது. நான் தலையாட்டினேன். அவர் முகம் மாறிய விதத்தில், தலையாட்டியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. பிறகு வெள்ளைப் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். வலது பக்கத்தை இங்கே செய்வதா, டேராடூனில் இருக்கிற பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவதா என்பதை அடுத்த மாத நடுவுக்குள் முடிவு செய்யப்போகிறார். அனுப்பலாமா என்று கேட்டதற்குத்தான் நான் தலையாட்டியிருக்கிறேன்.

ஜூலை 3, ஞாயிறு

மாதாகோயில் பூசையில் பாடகர் குழு இன்றைக்கு ரொம்ப மெதுவாகப் பாடியது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அவர் பின்னால் நிற்கிறார். காலடியில் எவர்சில்வர் தாம்பாளம் கவிழ்ந்து கிடக்கிறது.

"என்னங்க இது, யாரு போட்டா?"

"நாந்தான் போட்டேன். ரெண்டு வாட்டி. ஸ்டெல்லா கீழருந்து என்னாச்சுன்னு கேட்டாச்சு. நீ திரும்பல."

கத்தினேன். வேவு பார்க்கிறீர்களா என்றேன். மீன் கையோடு தாம்பாளத்தை எடுத்து மேடைமேல் அடித்தேன். அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நானும் உட்கார்ந்தேன்.

எங்கள் அம்மாவை ஊரில் திமிர் பிடித்தவள் என்பார்கள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், கேட்டால் பதில் சொல்லமாட்டாள். கல்யாண வீடுகளில் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருப்பாள். நாற்பது வயதுக்கு முன்னாலேயே அப்படி ஆகிவிட்டாள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று பிள்ளைகளாகிய எங்களுக்குத் தெரிந்தபோது அவள் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். எனக்கு இப்போது முப்பத்தெட்டு.

பயமாக இருக்கிறது. சுவரோரத்தை நினைத்துப் பயம். அதைவிட, மேடத்துக்குத் தெரிந்தால் அந்தக் கல்லை என் மேசையிலிருந்து தூக்கிவிடுவாரே என்று பயம்.

"எங்க பணிமனையில வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுப்பாங்க பெலிசி. எனக்கே பாதி போச்சு. அதனாலதான் கத்துறேன். ஒரு டாக்டர் இருக்காரு, போயிட்டு வந்துடலாம்" என்றார் அவர்.

அவருக்குப் பாதி போய்விட்டது என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஜூலை 8, வெள்ளி

டாக்டர் வயதானவர், உரக்கப் பேசுகிறவர். இரும்புக் கவை ஒன்றை முழங்கையில் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கேக்குதாம்மா?"

இல்லை என்றேன். அது அதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் இல்லை. பிறகு அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார்.

எப்படி எழுதுவேன்! தலைக்குள் மணி அடித்தது. கணீரென்று, சுத்தமாக, இத்தனை காலம் எங்கே போயிருந்தது என்று கேட்க வைக்கிற மாதிரி ஒரு சத்தம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நிற்கும்வரை டாக்டர் காத்திருந்தார்.

"நரம்பு நல்லா இருக்கு. காதுக்குள்ள கடைசியா ஒரு குட்டி எலும்பு உண்டு, அரிசியில பாதி இருக்கும். அதைச் சுத்தி உங்களுக்கு எலும்பு தடிச்சுப் போச்சு. அது அசையாததால காத்துல வர்ற சத்தம் உள்ள போகல. எலும்பு வழியா வர்றது போகுது. உங்க வேலைச் சத்தத்தால வந்தது இல்ல இது. வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

"அம்மாவுக்கு" என்றேன். திமிர் இல்லை டாக்டர் என்றும் சொன்னேன். அவருக்கு அது புரிந்திருக்காது.

கூட்டத்தில், பஸ்ஸில், இரைச்சலில் மட்டும் நன்றாகக் கேட்கிறதா என்று அவரே கேட்டார். அதுவும் இந்த வியாதியின் குணம்தானாம். பாவம் தாட்சாயணி மேடம், அவர் எப்போதும் ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறார்.

ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சரியாகும், சிலருக்குக் கேட்கிறதும் போய்விடும் என்றார். அடுத்த மாதம் வரச் சொன்னார். கிளம்பும்போது, "அந்தக் கவையைப் பல்லுல வெச்சா இன்னும் நல்லா கேக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துக் காட்டினார். கேட்டது.

எலும்பு தடித்ததால் அந்தச் சின்ன உயிருக்குத் தண்ணீருக்குள் கேட்டது. எலும்பு தடித்ததால் எனக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை வேறு நினைப்பே ஓடவில்லை.

ஜூலை 9

பழைய கட்டிலின் தேக்குக் கால் ஒன்றை அவர் அறுத்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்டதைக் காரணம் கேட்காமல் செய்கிற நல்ல பழக்கம் அவருக்கு உண்டு.

ஜூலை 11, திங்கள்

மேடம் வந்ததும் நானே கம்ப்ரசரைப் போட்டேன்.

"மேடம், எனக்குக் காது கேக்கல, டாக்டர் ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்லியிருக்காரு. காத்தழுத்தத்துல கோளாறு இல்ல. அன்னைக்கு நீங்க அனுப்பலாமான்னு கேட்டது எனக்குக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"முன்னாடியே ஏன் சொல்லல? அந்த மண்டை ஓட்டுல இடது காது போனது போனதுதான். வேற யாராவதா இருந்தா அன்னைக்கே கல்லைத் தூக்கியிருப்பேன்."

"தெரியும் மேடம்."

"டேராடூனுக்கு அனுப்புறதுதான் நியாயம்."

நான் பையிலிருந்து தேக்குக் குச்சியை எடுத்தேன். ஒரு முனை கல்லில் பதியத் தட்டையாகவும், மறுமுனை பல்லில் கடிக்க மெல்லிசாகவும் என் வீட்டுக்காரர் இழைத்துக் கொடுத்தது. "ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க மேடம். அப்புறம் அனுப்புங்க" என்றேன்.

பழைய பெட்டியிலிருந்து ஒன்றுக்கும் ஆகாத ஒரு துண்டைக் கொடுத்தார். உள்ளே எங்கோ ஒரு விலா எலும்பு. குச்சியைக் கல்லில் ஊன்றிக் கடித்தேன். ஊசியை ஓட்டினேன். கரகர சத்தம் பல் வழியாக ஏறித் தலையை நிறைத்தது. இதற்கு முன் காதால் கேட்டதைவிடப் பெரிசாக. கல்லின் மணல், நடுவில் ஒரு விரிசல், எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. பிறகு சத்தம் கூரானது. கையை எடுத்தேன். "இங்க" என்று விரலை வைத்தேன். எலும்பு அதுவரை வெளியே தெரியவில்லை.

மேடம் தூரிகையால் தட்டி, ஊசியால் துளி நீக்கிப் பார்த்தார். கறுப்பு.

"இன்னொரு இடத்துல காட்டுங்க" என்றார். காட்டினேன். அதற்கப்புறமும் காட்டச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் டேராடூனைப் பற்றிப் பேசவில்லை. "சாயங்காலம் ஆபரேஷனுக்கு நாள் வாங்குங்க" என்றார்.

"இந்தக் காது முடியட்டும் மேடம். அப்புறம் என் காது."

ஜூலை 15

தாடை வலிக்கிறது. கஞ்சி குடித்தேன்.

ஜூலை 20, புதன்

குச்சியைக் கடித்துக்கொண்டு குனிந்தால் நான்கு விரல் அகலத்தில் உலகம் முடிந்துவிடுகிறது. மேடம் என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார். ஊசி கூராகும் இடத்தில் நிறுத்துகிறேன், பசை தடவுகிறேன், காயவிடுகிறேன். இன்றைக்கு அந்த மெல்லிய வெளிச்சுவரின் விளிம்பு வந்தது. அதன் சத்தம் தனி. எலும்புதான், ஆனால் பின்னால் ஒன்றுமில்லாத எலும்பு. ஒருமுறை தவறுவேன் என்று தோன்றி எழுந்துபோய் முகம் கழுவினேன். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மேடம் டீ கொண்டுவந்து தந்தார்.

ஜூலை 22, வெள்ளி

வந்துவிட்டது.

வலது காது. முழுசு. ஒரு விரிசல் இல்லை. வெளிச்சுவர் விளக்கு வெளிச்சத்தில் தேன் நிறத்தில் தெரிகிறது. அது வளைந்து உள்ளே போய், மெல்ல மெல்லத் தடித்து, உருண்ட உதடாக முடிகிறது. எங்கே தடிக்கத் தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம். மொத்தமே ஒரு புளியங்கொட்டை அளவு. கிண்ணத்துக்குள் இருக்கிற கல்லைத் தொட வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். உள்ளே என்ன இருக்கிறதோ, இருந்துவிட்டுப் போகட்டும்.

கம்ப்ரசர் ஓடவில்லை. இந்த உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. இந்தக் காது கடைசியாக எதைக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். வெள்ளம் வரும் சத்தமா, கூட்டத்தில் இன்னொன்று ஓடும் சத்தமா? அதற்கப்புறம் இத்தனை கோடி வருஷம் ஒன்றுமே கேட்காமல் கிடந்து, அடுத்ததாக அதை வந்து தட்டியது என் ஊசி.

மண்டியிடத் தோன்றியது. மேடம் இருந்ததால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 31, ஞாயிறு

ஆபரேஷன் அடுத்த புதன்கிழமை. பயம் இல்லை என்று எழுதினால் பொய்.

முதல் பூசை முடிந்ததும், "காவிரியில தண்ணி வந்திருக்கு, போவோமா" என்று நான்தான் கேட்டேன். படித்துறையில் கூட்டமில்லை. இடுப்பளவு தண்ணீரில் படியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் கையில் இரண்டு கூழாங்கல்லைக் கொடுத்தேன்.

"நான் உள்ள முங்குறேன். நீங்க தண்ணிக்குள்ள வெச்சுத் தட்டுங்க."

"லூசாடி நீ? எல்லாரும் பாக்குறாங்க!" என்று அக்கரைக்குக் கேட்கும்படி சொன்னார்.

முங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். வெளியில் என்னை விட்டுப் போன அத்தனை சத்தமும் இங்கேதான் இருந்திருக்கிறது. மணல் உருளும் சரசரப்பு, தூரத்தில் யாரோ துணி துவைக்கும் அடி, என் நெஞ்சு அடித்துக்கொள்வது. பிறகு கல். டக். டக். பக்கமும் திசையும் இல்லாமல் மண்டைக்கு நடுவில் வந்து விழுந்தது. சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு, மேலே நிழல் போகட்டும் என்று காத்திருந்த அந்தச் சின்ன உயிருக்குப் பக்கத்தில் நானும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

மூச்சு முட்டி எழுந்தேன். அவர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. தட்டிக்கொண்டே அவரும் முங்கியிருக்கிறார்.

"எனக்கு லேசாத்தான் கேட்டுச்சு பெலிசி. உனக்கு?"

"கணீர்னு."

அவர் என்னையே பார்த்தார். அவர் உதடு அசைந்தது. இருபது வருஷமாகக் கத்தியே பேசிய மனிதர், முதல் தடவையாகச் சத்தமே இல்லாமல் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். இந்தத் தலையாட்டல் தப்பில்லை.

"இன்னொரு தடவை தட்டுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முங்கினேன்.